1,800 ரூபாய் கப்பும் 80 ரூபாய் பானையும்: விறகுச் சூளை பற்றி ஒரு சண்டை

10 ஜனவரி 2025, ஒரு வாசகரின் கேள்வி

சென்னையில் ஒரு செராமிக் கண்காட்சிக்குப் போனேன். பிடி இல்லாத ஒரு கப். ஒரு பக்கம் சாம்பல் ஒட்டிய சொரசொரப்பு, இன்னொரு பக்கம் செங்கல் நிறம். விலை 1,800. கேட்டால், "விறகில் நாலு நாள் சுட்டது சார்" என்கிறார்கள். நேற்றுத்தான் எங்கள் ஊர் வேளாரிடம் பொங்கல் பானை வாங்கினேன், 80 ரூபாய். அவரும் விறகில்தான் சுடுகிறார். கேஸ் சூளையில் சாம்பலைத் தூவிச் சுட்டால் இதே மாதிரி வராதா? மரத்தை எரித்துவிட்டு அதற்கு இயற்கை என்று பெயர் வைப்பதுதான் கலையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

11 ஜனவரி 2025

அந்த 1,800 ரூபாய் ஆசாமிகளில் நானும் ஒருவன். புதுச்சேரி பக்கம் பட்டறை. நீங்கள் பார்த்த கப் என்னுடையது இல்லை, ஆனால் திட்டு எனக்கும் சேர்த்துத்தான்.

இரண்டும் விறகுதான், ஆனால் இரண்டும் ஒரே வேலை இல்லை. ஊர்ச் சூளையில் சூடு 700, 800 டிகிரியோடு நின்றுவிடும். நாங்கள் போவது 1,280க்கு மேல். அந்தச் சூட்டில் விறகின் சாம்பல் வெறும் சாம்பலாக இருக்காது, உருகும். சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் இருக்கின்றன. மண்ணில் சிலிக்கா இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் கண்ணாடி. நெருப்போடு பறக்கும் சாம்பல் பாத்திரத்தின் எந்தப் பக்கம் மோதுகிறதோ அந்தப் பக்கம் கண்ணாடி மெருகாகிறது, மறுபக்கம் மண்ணாகவே நிற்கிறது. நீங்கள் சொரசொரப்பு என்று சொன்னது கடைசி நேரத்தில் வந்து விழுந்து, முழுக்க உருகாமல் போன சாம்பல்.

ஊர்ச் சூளை அரைவேக்காடு. எங்களுடையது முழு வேக்காடு. ஒப்பிடுவதே தப்பு.

கேஸில் வராது. வரவே வராது.

11 ஜனவரி 2025, இரவு

மரம் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. நாங்கள் எரிப்பது காட்டு மரம் இல்லை, சவுக்கு. நெல், மணிலா மாதிரி இந்தக் கடலோரத்தில் அதுவும் ஒரு பயிர். நட்டு நாலைந்து வருஷத்தில் வெட்டிவிட்டு மறுபடி நடுவார்கள். நேரானது சாரத்துக்கும் பந்தலுக்கும் போகும், மீதி காகித ஆலைக்கும் அடுப்புக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் இன்ஜினுக்கு விறகு வேண்டும் என்று மதராஸ் பக்கம் தோப்புத் தோப்பாக நட்ட மரம். ரயில் கரிக்கும் டீசலுக்கும் மாறியது. சவுக்கு போகவில்லை.

2011 டிசம்பர் 30 அன்று அடித்த "தானே" புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் விறகு மலிந்து கிடந்தது. முந்திரி, பலா, சவுக்கு எல்லாம் சாய்ந்து கிடக்க, விவசாயி அழுதுகொண்டே விற்றார், நாங்கள் வாங்கினோம். அந்த வருஷம் சுட்டதில் முந்திரி விறகு கலந்த சட்டிகள் இரண்டு இன்னும் என்னிடம் இருக்கின்றன. விற்க மனசு வரவில்லை.

இப்போது நிலைமை தலைகீழ். போன நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. என் ஆறு டன் விறகும் தார்ப்பாய்க்கு அடியில் குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. பிப்ரவரி முதல் வாரம் சூளை வைக்க நாள் பார்த்திருக்கிறேன். தினமும் காலையில் ஒரு கட்டையைப் பிளந்து, உள்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறேன். சில்லென்று இருந்தால் ஈரம். இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது.

15 ஜனவரி 2025

விலை எப்படி என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். மறைக்க ஒன்றுமில்லை. ஒரு தடவை சூளைக்கு:

விறகு 6 டன், டன் 6,500 வீதம் 39,000. உதவிக்கு வருகிறவர்களின் கூலி, நாலு நாள் சாப்பாடு, கணக்கில்லாத டீ, எல்லாம் 22,000. மண், விறகில் வைப்பதற்கு முன் லேசாகச் சுடும் முதல் சூட்டுக்கான கேஸ் 18,000. சூளைக்குள் வைக்கும், சூடு தாங்கும் அடுக்குப் பலகைத் தேய்மானம் 15,000. மொத்தம் 94,000. உள்ளே போவது 380 உருப்படி. ஒன்றுக்கு 247 ரூபாய்.

15 ஜனவரி 2025, கொஞ்ச நேரம் கழித்து

"247க்குச் செய்து 1,800க்கு விற்கிறீர்களா, நகைக்கடைகூட இந்த லாபம் வைக்காதே" என்று ஒருவர். நியாயமான அடி.

16 ஜனவரி 2025

என் கணக்கு தப்பு. கணக்கில் நான் எப்போதுமே புகைதான்.

உள்ளே போவது 380, ஆனால் கடையில் வைக்கும்படி வெளியே வருவது 240 வந்தால் நல்ல சூளை. அப்படியென்றால் ஒன்று 392. கண்காட்சிக்கூடம் நூற்றுக்கு நாற்பது எடுத்துக்கொள்ளும், 1,800ல் 720 போச்சு. கையில் 1,080. நல்லது எல்லாமே கப் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதில் பாதி, 120, விற்கிறது. 1,29,600 வரவு, 94,000 செலவு, மீதி 35,600. இது ஐந்து மாத உழைப்புக்கு. மாதம் ஏழாயிரத்துச் சொச்சம். எங்கள் தெருவில் செக்யூரிட்டி வேலை பார்ப்பவர் என்னைவிட வசதி. சோறு போடுவது நான் எடுக்கும் வகுப்புகள்தான்.

இதைப் படித்துவிட்டு என் மனைவி சொன்னது: "இவ்வளவு தெளிவா எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லையே."

22 ஜனவரி 2025

புதுச்சேரி பக்கம் மட்டும் ஏன் இத்தனை செராமிக் பட்டறை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 1971ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்று இரண்டு அமெரிக்கர்கள் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அந்த அம்மா ஜப்பானில் பிசென் என்ற ஊரில் வேலை கற்றவர். பிசென் என்றால் மெருகே பூசாமல் வாரக்கணக்கில் விறகில் சுடும் ஊர். சுற்று வட்டாரத்து ஆட்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள், கற்றுக்கொண்டார்கள், சிலர் வெளியே வந்து தனிப் பட்டறை போட்டார்கள். மாணவர்கள் நாடு முழுவதிலிருந்தும் வந்தார்கள். நான் நேரடி மாணவன் இல்லை. அங்கே இருந்து வெளியே வந்த ஒருவரிடம் மண் மிதித்தவன். பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீக்கரைப் பற்றி இன்னொன்று. 1980களின் நடுவிலிருந்து அவர் வீட்டையே சுட்டார். பச்சை மண் செங்கல்லில் வளைகூரையோடு வீட்டைக் கட்டி, உள்ளே விற்பனைக்கான செங்கல்லும் ஓடும் அடுக்கி, வீட்டுக்குள்ளேயே தீ வைப்பது. வீடே சூளை. உள்ளே வெந்த சரக்கு செலவை ஈடுகட்டும், வீடு மழைக்குக் கரையாமல் நிற்கும். ஈரானில் நாதர் கலீலி தொடங்கிய வழி அது. முதன்முதலில் அந்தப் புகைப்படங்களைப் பார்த்தபோது, ஜன்னலில் நெருப்பு நாக்கு நீட்டும் வீட்டின் முன்னால் ஆட்கள் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான்.

விறகு: கன்னத்துக்கு இன்று கொஞ்சம் வெதுவெதுப்பு.

2 பிப்ரவரி 2025

மூன்று நாளாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். முதுகு போய்விட்டது. என் சூளை ஜப்பானியர் அனகாமா என்று சொல்லும் வகை. ஐந்தாம் நூற்றாண்டில் கொரியாவிலிருந்து அங்கே போனது, ஒரே அறை, குகை மாதிரி நீளம். முன்னால் அடுப்பு வாய், பின்னால் புகைபோக்கி, நடுவில் சரக்கு. நெருப்பே சரக்கின் ஊடாகத்தான் போயாக வேண்டும். உள்நீளம் 4 மீட்டர். நிமிர்ந்து நிற்க முடியாது. தவழ்ந்து போய், தவழ்ந்து வரவேண்டும்.

சாம்பல் உருகி வழிந்தால் பாத்திரம் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று சின்ன உருண்டை வைப்போம். அலுமினாவும் வெள்ளைக் களிமண்ணும் பிசைந்தது, சீடை அளவு. 380 உருப்படிக்கு ஆயிரத்துச் சொச்சம் சீடை. கோகுலாஷ்டமிக்குக்கூட எங்கள் வீட்டில் இத்தனை உருட்டியதில்லை. அலுமினா உருகாது, அதனால் பிறகு தட்டினால் உதிர்ந்துவிடும், அடியில் மூன்று வெளிர் புள்ளி நிற்கும். விறகுச் சூளைக் கப்பை வாங்கும்போது கவிழ்த்துப் பாருங்கள்.

பக்கவாட்டில் படுக்கவைக்கும் குடுவைக்குக் கிளிஞ்சல். வீராம்பட்டினம் கடற்கரையில் பொறுக்கியது. கிளிஞ்சலுக்குள் அந்த மாவை அடைத்து, அதன் முதுகின் மேல் குடுவையைச் சாய்ப்போம். சூட்டில் கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பாகிவிடும், வெளியே வந்ததும் தண்ணீர் தெளித்தால் பொடிப்பொடியாக உதிரும். வரிவரியாக அதன் முதுகு மட்டும் குடுவையில் பதிந்திருக்கும். எத்தனை தடவை செய்தாலும் அந்தத் தண்ணீர் தெளிக்கும் நேரத்துக்கு நான் யாரையும் விடுவதில்லை, நானேதான்.

பத்துக் கப்பில் வைக்கோல் சுற்றியிருக்கிறேன், பிசென்காரர்கள் பாணி. வைக்கோலின் பொட்டாசியம் மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து சிவப்புக் கோடாகும். நம்ம ஊர்ப் பொன்னி வைக்கோலுக்கு என்ன வருகிறது பார்ப்போம்.

நாளைக் காலை பற்றவைப்பு. சூளைக்குத் திருநீறு பூசி, தேங்காய் உடைத்தாயிற்று.

5 பிப்ரவரி 2025, விடிகாலை 3.40

1,240ல் நிற்கிறது. நகர மாட்டேன் என்கிறது. தூக்கம்.

5 பிப்ரவரி 2025, 4.25

1,205. இறங்குகிறது!! விறகு போடப் போட இறங்குகிறது.

7 பிப்ரவரி 2025

முடிந்தது. விடியற்காலை அடுப்பு வாயைச் செங்கல் வைத்து அடைத்து, மண் பூசிவிட்டுப் பதினான்கு மணி நேரம் தூங்கினேன். அந்த 3.40 கதையைக் கேட்டிருக்கிறீர்கள்.

நடந்தது இது. ஈர விறகு. விறகுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகவே நிறையச் சூடு செலவு. சரி, கூடுதலாகப் போடுவோம் என்று நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போட்டேன். புகைபோக்கியில் கறுப்புப் புகை, அதன் மேல் ஒரு ஆள் உயரத்துக்குச் செந்நெருப்பு. பார்க்கப் பிரமாதமாக இருந்தது. அந்த நெருப்பு சூளைக்குள் எரியாமல் வெளியே வந்து வானத்துக்குச் சூடேற்றிக்கொண்டிருந்தது என்பது மண்டையில் ஏறவில்லை. சூளைச் சூட்டைக் காட்டும் பைரோமீட்டரில் 1,240, 1,222, 1,205. நான் இன்னும் வேகமாகப் போட்டேன். 1,180.

எங்களோடு ராத்திரி முறைக்கு வரும் அக்கா ஒருவர். சவுக்குத் தோப்பில் கூலிக்கு விறகு பிளப்பவர், ஆறு வருஷமாக என் சூளைக்கு வருகிறார். அவருக்கு பைரோமீட்டர் படிக்கத் தெரியாது. டீ குடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து என் கையிலிருந்த கட்டையை வாங்கிக் கீழே போட்டார்.

"போடாத தம்பி. அதுக்கு மூச்சு முட்டுது. கிளறு."

அடுப்பு வாய்க்குள் எட்டிப் பார்த்தால், தணல் முழங்கால் உயரத்துக்குக் கொட்டிக் கிடக்கிறது. காற்று வரும் கீழ்த்துளைகள் எல்லாம் அதற்குள் புதைந்துவிட்டன. நீளக் கொக்கிக் கம்பியால் அவரே இழுத்து இழுத்துக் கிளறினார். துளை ஒன்றொன்றாகத் திறந்தது. இருபது நிமிஷம் ஒரு குச்சிகூடப் போடவில்லை. நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். தணல் வெள்ளையாகி, சூளை "உம்ம்" என்று ஒரு சத்தம் போட்டது. 1,190. 1,215. விடியும்போது 1,260.

பதினெட்டு வருஷமாகச் சூளை வைப்பவன் நான். மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்வேன்: சூடு இறங்கினால் விறகைக் கூட்டாதே, காற்றைப் பார். எழுதியும் ஒட்டியிருக்கிறேன், சூளைக்கொட்டகைத் தூணில். என் தலைக்கு நேரே அந்தத் தாள் படபடத்துக்கொண்டிருந்தது.

கடைசி ராத்திரி, முன்வரிசையில் பத்தாம் நம்பர் கோன் சாய்ந்தது. கோன் என்பது விரல் உயர மண் கூம்பு, குறிப்பிட்ட அளவு சூட்டு வேலை நடந்தால் வளையும். பத்தாம் நம்பர் ஏறக்குறைய 1,290க்கு. துளை வழியாக உள்ளே பார்த்தால் எல்லாமே ஒரே வெள்ளை வெளிச்சம், கோன் கண்ணுக்குத் தெரியாது. வாயால் லேசாக ஊத வேண்டும். ஒரு நொடி அந்த இடம் மங்கி, கூம்பின் ஓரம் கோடாகத் தெரியும். புருவம் பொசுங்கும். எனக்கு இடது புருவம் பாதிதான் இருக்கிறது, போட்டோவில் பார்த்திருப்பீர்கள்.

பின்வரிசை எட்டாம் நம்பர் கோனோடு நின்றுவிட்டது. ஈர விறகுக்கு இதுவே பெரிசு.

12 பிப்ரவரி 2025

நேற்றே கைபொறுக்கும் சூடு வந்துவிட்டது. தைப்பூசம், அக்கா மயிலம் மலைக்குப் போய்விட்டார், அவர் இல்லாமல் பிரிக்கக் கூடாது என்று காத்திருந்தேன். இன்று பிரித்தோம்.

வாயைத் திறந்ததும் முதலில் சத்தம்தான் வரும். ஆறும் கண்ணாடி சுருங்கி, டிங், டிங், டிங் என்று உள்ளே முழுக்கச் சின்னச் சின்ன மணி. அதற்குப் பிறகு கெட்ட செய்தி. முன்வரிசையில் இடப்பக்க அடுக்கு சரிந்து கிடக்கிறது. மேல் பலகை கீழ் பலகையின் மேல், நடுவில் முப்பத்திரண்டு உருப்படி. பதினோரு கப் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டி.

என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். கடைசி ராத்திரி முறைக்கு வந்த நண்பர் ஒருவர் கட்டையைக் கைப்பந்து வீசுவது போல வீசுவார். வழுக்கி உள்ளே தள்ளவேண்டும், வீசக்கூடாது என்று ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. ஒரு கட்டை போய் அடுக்கில் மோதியிருக்கிறது. இனி அவர் டீ போட மட்டும் வரலாம்.

நல்லது 226. வைக்கோல் கப் பத்தில் எட்டில் சிவப்புக் கோடு, தீக்காயத் தழும்பு மாதிரி. பொன்னி பாஸ். ஒரு குடுவையின் கழுத்திலிருந்து சாம்பல் மெருகு வழிந்து, கிளிஞ்சல் வரைக்கும் வந்து, பச்சைத் துளியாக உறைந்து நிற்கிறது. ஜப்பானியர் இதைத் தும்பியின் கண் என்கிறார்கள். வெயிலில் பிடித்தால் உள்ளே ஒரு சின்னக் குமிழி தெரிகிறது.

15 பிப்ரவரி 2025

முதல் குறிப்பில் ஊர்ச் சூளை "அரைவேக்காடு" என்று எழுதினேன். அதை வாபஸ் வாங்குகிறேன். காரணம் தத்துவம் இல்லை, செருப்படி.

நேற்று எங்கள் பக்கத்து ஊர் வேளார் ஒருவரிடம் போயிருந்தேன், எழுபது வயசிருக்கும். தட்டுப்பலகையால் பானை வயிற்றைத் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு கையில் கல், வெளியே பலகை, நடுவில் மண் மெலிந்துகொண்டே போகிறது. பார்வை ரோட்டில் போகிற பஸ்ஸில். என் கப் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன், கொஞ்சம் பெருமையாகத்தான். நகத்தால் சுண்டினார். "நல்லா வெந்திருக்கு" என்றார். எனக்குக் குளிர்ந்தது. அப்புறம் கேட்டார்:

"இதுல பானை செஞ்சு தண்ணி ஊத்துனா குளிருமா?"

குளிராது. 1,280ல் மண்ணின் துளைகள் எல்லாம் மூடிக்கொள்ளும், தண்ணீர் கசியாது, கசியாவிட்டால் ஆவியாகாது, ஆவியாகாவிட்டால் குளிராது. அவர் பானை 750ல் நிறுத்தப்படுவது வழி தெரியாததால் அல்ல. அங்கே நிறுத்தினால்தான் சித்திரையில் தண்ணீர் குளிரும், அடுப்பில் வைத்தால் விரியாமல் நிற்கும். என் கப்பை அடுப்பில் வைத்தால் டப்பென்று வெடிக்கும்.

"இல்லீங்கய்யா, குளிராது."

"அப்ப எதுக்கு இவ்ளோ வெறகு?"

பதில் சொல்லாமல் இரண்டு அடுக்குப் பானை வாங்கிக்கொண்டு வந்தேன். பேரம் பேசவில்லை. பேச வாயும் இல்லை.

20 பிப்ரவரி 2025

இன்னொரு வாபஸ். இது கஷ்டமானது.

அடுக்கு சரிந்ததற்கு நண்பர் மேல் பழி போட்டேன். அவர் இந்த இழையைப் படிப்பவர். ஒரு வார்த்தை எழுதவில்லை, ஆனால் நேற்று வந்து சரிந்த பலகைகளை என்னோடு சேர்ந்து பிரித்தார். அடியில், பலகையைத் தாங்கும் தூணுக்குக் கீழே இருந்த உருண்டைகள் தோசை மாதிரி தட்டையாகிக் கிடந்தன. அலுமினா உருண்டை அப்படி ஆகாது. அடுக்கிய மூன்றாம் நாள் மாவு தீர்ந்துபோய், நான்தான் கடைசி இருபது உருண்டைக்கு அலுமினாவைக் குறைத்துச் சாதாரணக் களிமண்ணைக் கூட்டிப் பிசைந்தேன். "பின்வரிசைக்குத்தானே, அங்கே சூடு குறைவு" என்று சொல்லிக்கொண்டேன். கடைசியில் கைக்கு வந்ததை முன்வரிசையில் வைத்துவிட்டேன். உருண்டை உருகி, தூண் சாய்ந்து, பலகை விழுந்தது. எந்தக் கட்டையும் மோதவில்லை.

அவரிடம் நேரில் சொல்லிவிட்டேன். இங்கே எல்லார் முன்னாலும் எழுதினதால் இங்கேயும் சொல்கிறேன். அவர் டீயும் நன்றாகப் போடுவதில்லை, அந்த ஒன்றை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.

9 மார்ச் 2025

"கேஸில் வரவே வராது" என்று எழுதியவன் நான்தான். அதுவும் போச்சு.

பட்டறைக்கு ஒரு பழைய மாணவி வந்தார். பையிலிருந்து இரண்டு கப் எடுத்து வைத்து, "எது விறகு சார்?" என்றார். ஒன்றில் தோளில் கெட்டியாகச் சாம்பல், கீழே வழிந்த பச்சை, மறுபக்கம் ஆரஞ்சு. இன்னொன்று சாதுவாக, பழுப்பாக இருந்தது. முதலாவதைத் தூக்கிக் காட்டி மூன்று நிமிஷம் பாடம் எடுத்தேன்: நெருப்பு இந்தத் திசையிலிருந்து வந்திருக்கிறது, இங்கே நிழல் விழுந்திருக்கிறது, இரண்டாவது அல்லது மூன்றாவது வரிசையில் இருந்திருக்கும். அவர் மரியாதையாக முடியும்வரை கேட்டார். பிறகு சொன்னார், அது கேஸில் சுட்டது. சாம்பலைச் சல்லடையில் சலித்து ஒரு பக்கத்தில் மட்டும் தூவி, சூளைக்குள் கொஞ்சம் சோடா உப்பு தெளித்து, பதினோரு மணி நேரத்தில் முடித்தது. சாதுக் கப்தான் விறகு. என் சூளைதான், 2022.

வீட்டில் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

நானே செய்து பார்த்தேன், அதே சவுக்குச் சாம்பல், அதே மண், கேஸ். ஆறு கப். நான்கு சுமார், இரண்டு அருமை. செலவு கப்புக்கு 130 ரூபாய்க்குள்.

கேள்வி கேட்டவரே, நீங்கள் சொன்னதுதான் சரி. முக்கால்வாசியாவது சரி. அப்படியானால் எதற்கு ஆறு டன்? கண்காட்சிக் குறிப்பேடுகளில் "நெருப்பே கலைஞன்" என்று அச்சடிப்பார்கள். சுத்தப் பொய். நெருப்புக்கு ஒன்றும் தெரியாது. எந்தக் கப்பை எங்கே வைப்பது, எப்போது கிளறுவது என்று நாலு நாள் தூங்காமல் முடிவெடுப்பது ஆட்கள். எனக்கு அந்த நாலு நாள் பிடித்திருக்கிறது. அக்கா கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பு, ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ எடுத்துவிடும் பழைய பாட்டு, அடுத்த கட்டையை யார் போடுவது என்ற சண்டை. இதெல்லாம் எனக்கு. வாங்குகிறவர் என் சந்தோஷத்துக்கு ஏன் 1,800 கொடுக்கவேண்டும் என்றால், என்னிடம் பதில் இல்லை.

10 மார்ச் 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, கண்காட்சியை ரத்து செய்யப்போகிறீர்களா என்று கேட்கிறார்கள். ரத்தா? கூடத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று ஐயா.

24 மார்ச் 2025

கண்காட்சி மூன்றாவது நாள். சென்னை. கூடத்தின் பெயர் வேண்டாம், காரணம் கீழே.

எல்லாப் பெயர்ச்சீட்டிலும் "டெரகோட்டா" என்று அச்சடித்திருந்தார்கள். நாற்பத்தெட்டுச் சீட்டு. டெரகோட்டா என்றால் வேளார் பானை மாதிரி குறைந்த சூட்டில் வெந்தது, இது துளை மூடும்வரை வெந்த ஸ்டோன்வேர் என்றேன். "மக்களுக்கு டெரகோட்டான்னாதான் சார் புரியும்" என்றார்கள். பிப்ரவரிக்கு முன்னால் என்றால் கொதித்திருப்பேன். இப்போது வேளார் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன், ஆனாலும் உட்கார்ந்து நாற்பத்தெட்டையும் பேனாவால் திருத்தினேன். தப்பு தப்புதான்.

வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்வி. மைக்ரோவேவில் வைக்கலாமா? இதை எதற்குப் பயன்படுத்துவது? 2018ல் ஜெய்ப்பூர் ஜவஹர் கலா கேந்திராவில் முதல் இந்திய செராமிக் மூவாண்டுக் கண்காட்சி நடந்தபோது போயிருந்தேன். அங்கே ஒரு அறை முழுக்க மண்ணை நிரப்பினாலும் யாரும் மைக்ரோவேவ் பற்றிக் கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது, உண்மை. ஆனால் மைக்ரோவேவ் கேள்வியில் தப்பில்லை. கப் என்றால் டீ ஊற்றத்தான். வைக்கலாம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

பதினோரு கப் ஒட்டிய கட்டியை ஒரு பீடத்தில் வைக்கலாம், நல்ல விலை போகும் என்றார் கூடத்துக்காரர். மாட்டேன் என்றேன். அது என் உருண்டைத் தப்பு. அதைக் காசாக்கினால் நண்பர் என்னை விடமாட்டார்.

கேஸில் சுட்ட இரண்டு நல்ல கப்பையும் ஒரு ஓரத்தில் வைத்திருக்கிறேன். சீட்டில் "கேஸ் சூளை, சாம்பல் தூவியது, 600" என்றே எழுதியிருக்கிறது. மொத்த வரிசைக்கும் சீட்டு பின்பக்கச் சுவரில், கப்பைக் கையில் எடுத்தபிறகுதான் கண்ணில் படும்.

28 மார்ச் 2025

கேள்வி கேட்டவர் வந்தார்! யாரென்று சொல்லாமல் அரைமணி நேரம் சுற்றினார். ஒவ்வொரு கப்பையும் எடுத்துக் கவிழ்த்து அடியில் மூன்று புள்ளி பார்த்தார், அப்போதே எனக்குச் சந்தேகம். கடைசியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இது நல்லா இருக்கு சார். பாத்தாலே தெரியுது, விறகுன்னு. நாந்தான் அந்தக் கேள்வி கேட்டது. ஒத்துக்கறேன்."

நான் திரும்பிப் பின்பக்கச் சீட்டைக் காட்டினேன். படித்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப 600தானே?"

ஜிபே செய்தார். துணிப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

6 ஏப்ரல் 2025

மொத்தம் 97 விற்றது. 120 என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அக்காவுக்கு வைக்கோல் கப் ஒன்று கொடுத்திருந்தேன். நேற்று அவர் வீட்டுக்குப் போனபோது அடுப்பு மேடையில் இருந்தது, கல் உப்பு போட்டு. ஈரம் கசியாமல் நன்றாக இருக்கிறதாம்.

19 ஏப்ரல் 2025

600 ரூபாய் கப் மேஜையைக் கீறுகிறது என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். அடியை நான் சரியாகத் தேய்க்கவில்லை, என் தப்புதான். ஹார்டுவேர் கடையில் கறுப்பு உப்புத்தாள், தண்ணீரில் நனைக்கிற வகை, 220 நம்பர் கேளுங்கள். கப்பைக் கவிழ்த்து, தண்ணீர் விட்டு, வட்டமாக ஐந்து நிமிஷம் தேய்த்தால் போதும். காய்ந்தபடியே தேய்க்காதீர்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.